ரீச்சர் வீட்டைக் கூட்டிய மத்தியானம்

விடிய வெளிக்கிட்டு, வவுனியாவைப் பின்னால் விட்டு, ஓமந்தைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு சாரமும் ஒரு காற்சட்டையும் போன் சார்ஜரும். ஜெகன் அண்ணை வேலைக்கென்று தந்த நீலச் சேட்டை அவருடைய கதவுப்பிடியில் கொழுவிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு பஸ் தாண்டிப் போனது, கை காட்டவில்லை. நடந்தால்தான் எனக்குக் கோபம் இறங்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்பதில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. ஜெயபுரத்தில் பிறந்தவன், எட்டாம் வகுப்போடு நின்றவன், செங்கல் சூளை, அரிசி ஆலை, மீன் லொறி என்று போகாத இடமில்லை. சுடலைக்குப் பக்கத்துக் கொட்டிலில் மூன்று மாதம் படுத்திருக்கிறேன், நுளம்பைத் தவிர ஒன்றும் வந்து கடிக்கவில்லை. நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் கோபிக்க மாட்டேன். அதற்கு முதல்நாள் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஜெகன் அண்ணைக்கு என்ன தொழில் என்றால், வாடகைக்கு இருந்தவர்கள் வீட்டை விட்டுப் போன பிறகு அதைத் துப்புரவாக்கிக் கொடுப்பது. வவுனியாவின் வெளிப்பக்கத்தில் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் கட்டிப்போட்ட வீடுகள் நிறைய, இருப்பவர்கள் பாங்க்காரர், நேர்ஸ்மார், ரீச்சர்மார், இடமாற்றம் வந்தால் வெளிக்கிட்டுவிடுவார்கள். அவர்கள் போகிற அன்றே நாங்கள் போய் நிற்போம். ஆணி பிடுங்கி ஓட்டைக்குப் பட்டி பூசுவோம், குசினிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்குச் சுரண்டுவோம், எல்லாம் கழுவி முடிய ஜெகன் அண்ணை வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புவார். கழுவுகிற தண்ணீருக்கு என்னுடைய கலவை ஒன்று உண்டு, சவுக்காரத் தூளோடு தேசிக்காய்த் தோலை ஊறவிட்டு, எறும்பு வராமலிருக்கக் கொஞ்சம் மண்ணெண்ணெய்.

இதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவர் பயணம் வெளிக்கிட்ட கையோடு வீட்டைக் கூட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். செத்தவீட்டில் பிரேதத்தை எடுத்த பிறகுதான் அப்படிக் கூட்டிக் கழுவுவார்கள். அதனால் வீடு விட்டுப் போகிறவர்கள் புது வீட்டில் போய் இறங்கி, ரெலிபோன் எடுத்துச் சொல்லும் மட்டும் எங்கள் தும்புத்தடி தரையில் படக்கூடாது. அதுவரை யன்னலும் ஆணியும்தான். பிறகு ஜெகன் அண்ணையின் போன் அடிக்கும். "ஓம் அக்கா, போய் இறங்கிட்டீங்களோ? நல்ல சந்தோசம்" என்பார். என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "இனிக் கூட்டடா" என்பார்.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் அந்தப் போன் பிடிக்கும். நான் எத்தனையோ இடத்துக்குப் போயிருக்கிறேன், போய் இறங்கினாயா என்று கேட்க ஒருவரும் இருந்ததில்லை. ஒரு இடத்தில் ஆறு மாதம் தரியாத நான் ஜெகன் அண்ணையோடு இரண்டு வருடம் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றால் நீங்கள் நம்புவீர்களோ தெரியாது.

அன்றைக்கு அக்கராயனுக்கு மாற்றலாகிப் போன ஒரு ரீச்சரின் வீடு. ஐம்பது வயதிருக்கும், அவாவும் புருசனும்தான். லொறியில் சாமான் ஏற்றி முடிய, பழைய தும்புத்தடியைக் குசினிக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டா. பழைய தும்புத்தடியைப் புது வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள்.

"தம்பி, இதாலையே கூட்டும். ஆனா நாங்கள் எடுத்துச் சொல்லும் மட்டும் தொடாதையும், என்ன?"

"ஓம் ரீச்சர். எங்கடை வேலையே அப்பிடித்தான்."

"சும்மா தலையாட்டாதையும். நான் சண்டைக்குள்ளை எத்தினை வீடு விட்டு வெளிக்கிட்டிருப்பன். அப்பவெல்லாம் பின்னாலை நிண்டு கூட்ட ஒருத்தரும் மிஞ்சேல்லை. அதாலைதான் போற இடத்துக்குப் போய் இறங்கினனாங்கள்."

புருசன் லொறியிலிருந்து சத்தம் போட்டார். "இஞ்சாரும், அந்தத் தம்பிக்கும் பாடம் நடத்தாமல் வாரும்!"

ரீச்சர் சிரித்தா. கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப நான் போட்டு வாறன் தம்பி" என்று பயணம் சொன்னா. முன் சீற்றில் ஏறினதை என் கண்ணால் பார்த்தேன். கேற்றுக்கு உள்ளே சங்கிலி போட்டுப் பூட்டி, திறப்பை அரைஞாணில் கட்டிக்கொண்டேன்.

ஜெகன் அண்ணை அன்றைக்கு வரவில்லை. ஒரு மணி போலப் போன் எடுத்தார். "டேய், ரீச்சரவை போய் இறங்கிட்டினம், இப்பதான் கதைச்சவா. நாளைக்குக் காலமை புது ஆக்கள் பால் காய்ச்ச வருகினம், கெதியாய்க் கூட்டு."

உள் அறையிலிருந்து வாசல் வரைக்கும் கூட்டினேன். பிறகு கழுவினேன். குசினியின் பின்படிதான் கடைசி. அதில் ஒரு வாளி கலவையை ஊற்றித் தேய்த்துவிட்டு, பைப்படிக்குப் போய் வாளியை நிரப்பிக்கொண்டு திரும்பினால், படியில் ரீச்சர் இருக்கிறா. மடியில் கைப்பை. செருப்புக் கையில். நல்ல வெயில், நிழல்கூட விழுந்திருந்தது.

என் நினைப்பு என்னவென்றால், எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறா என்பதுதான்.

"ரீச்சர், ஈரம், சீலை நனையும், எழும்புங்கோ" என்றேன்.

"தம்பி, கூட்டிப்போட்டீர் என்ன?"

"ஓம், நீங்கள் போய் இறங்கிட்டீங்கள் எண்டு ஜெகன் அண்ணை சொன்னவர்."

"நான் இன்னும் ஓமந்தை தாண்டேல்லையே" என்றா. ஏச்சு இல்லை, கோபம் இல்லை. பஸ்சைத் தவறவிட்டவர்கள் சொல்வதுபோலத்தான் சொன்னா.

லொறி திரும்பி வந்து வெளியில் நிற்குமாக்கும் என்று முன்பக்கம் ஓடினேன். ஒழுங்கையில் ஒன்றுமில்லை. கேற்றில் நான் போட்ட பூட்டு அப்படியே இருந்தது, திறப்பு என் இடுப்பில். மதில் என்னைவிட உயரம், மேலே போத்தல் ஓடு பதித்தது. பின்னுக்கு வந்தால் படியில் ஒருவரும் இல்லை. படி முழுக்க ஈரம், நடுவில் ஒரு ஆள் இருந்த அளவுக்கு மட்டும் காய்ந்து வெள்ளையாக இருந்தது. நம்பினால் நம்புங்கள், அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். துணியால் ஒற்றி எடுத்ததுபோல இருந்தது.

ஜெகன் அண்ணை போனை எடுக்கவில்லை. மீற்றர் வாசிக்க வருகிறவருக்காக ரீச்சரின் புருசன் சுவரில் பென்சிலால் தன் நம்பரை எழுதியிருந்தார், அது நான் அழிக்க வேண்டிய நம்பர். அதற்கு எடுத்தேன்.

"ஓமந்தைக்கு இஞ்சாலை லொறி நிண்டுபோச்சு தம்பி" என்றார். "பத்தரையிலையிருந்து மரத்துக்குக் கீழை கிடக்கிறம். ஏத்த வந்த பெடியளும் பஸ்சிலை திரும்பிப் போட்டாங்கள்."

"ரீச்சர்?"

"முன் சீற்றிலை நல்ல நித்திரை. நானும் எழுப்பிப் பாத்தன், எழும்புறா இல்லை. களைப்பாக்கும்."

"ஜெகன் அண்ணைக்கு எடுத்தனீங்களோ?"

"போய் இறங்காமல் என்னத்துக்குத் தம்பி எடுக்கிறது? நீர் கூட்டேல்லைத்தானே? அவா வழி முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தவா."

"இல்லை அண்ணை. தொடேல்லை" என்றேன்.

அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

பின்னேரம் ஜெகன் அண்ணை வீட்டுக்குப் போனேன். பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எனக்கும் ஒரு கோப்பையை நகர்த்தினார். நான் இருக்கவில்லை.

"ரீச்சர் உங்களுக்கு எடுக்கேல்லை" என்றேன்.

"அதுக்கென்னடா இப்ப?"

"அப்ப மன்னாருக்குப் போன பாங்க்கார அண்ணை? மட்டக்களப்புக்குப் போன நேர்ஸ் அக்கா?"

"ஒருத்தரும் எடுக்கிறேல்லையடா. போய் இறங்கின ஆக்களுக்கு எங்களை நினைப்பிருக்குமே?"

"நீங்கள் போனிலை கதைச்சது?"

"அது அலாரம். அடிச்சா எடுத்துக் காதிலை வைக்கிறன்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாம் உனக்காகத்தானடா. இல்லாட்டி நீ கூட்டுவியே? அவையளை விட நீதான் அதைப் பாத்துக்கொண்டு நிக்கிறனி."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரண்டு வருடம் எத்தனை வீடு, எத்தனை சனம், எல்லோருக்கும் பின்னால் நின்று நான் கூட்டியிருக்கிறேன். அவர்கள் எப்படிப் போய் இறங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. படியில் கண்டதைச் சொன்னேன். "வெயிலுக்குள்ளை நிண்டனி, அதுதான்" என்றுவிட்டுப் பாணைத் தோய்த்தார். நான் அன்றிரவு என் அறையில் முழித்திருந்து விடிய வெளிக்கிட்டதுதான் நீங்கள் முதலில் கேட்டது.

ஓமந்தையில் றோட்டோரக் கராஜ் ஒன்றில் அந்த லொறி நின்றது. திருத்தி முடிந்திருந்தது. ரீச்சரின் புருசன் என்னைக் கண்டதும் கடவுளைக் கண்டதுபோல ஓடி வந்தார்.

"தம்பி, அக்கராயனிலை இறக்க ஆளில்லாமல் நிக்கிறன். வருவீரோ?"

ஓம் என்றேன். அதைவிட வேறு என்ன சொல்வது?

லொறியின் பின்பலகையில் ரீச்சர் நேற்றுக் கட்டியிருந்த சீலை காய்ந்துகொண்டிருந்தது. "நேற்று அவா எழும்பேக்குள்ளை பின்பக்கம் முழுக்க ஈரம். தண்ணிப் போத்தில் ஊத்துண்டதாக்கும்" என்றார் அவர். நான் பலகையைப் பிடித்து மேலே ஏறினேன். சீலை முகத்தில் பட்டது. தேசிக்காயும் மண்ணெண்ணெயும் மணத்தது.

அக்கராயன் மட்டும் சாமான்களுக்கு மேலே இருந்து போனேன், கீழே முன் சீற்றில் ரீச்சர். வீட்டு வாசலில் லொறி நின்று பத்து நிமிசமாகியும் இறங்கவில்லை. "வந்தாச்சப்பா, இறங்கும்" என்று புருசன் கையைப் பிடித்து இறக்கினார். பால் காய்ச்சினார்கள், எனக்கும் ஒரு கிளாஸ் தந்தார்கள். பிறகு அவர் கடையில் வாங்கிய புதுத் தும்புத்தடியை என் கையில் தந்து, "உமக்குப் பழகின வேலைதானே, அலுமாரி வைக்கிற அறையை ஒருக்கால் கூட்டிவிடும்" என்றார்.

நான் தும்புத்தடியோடு நிமிர்ந்தேன். ரீச்சர் விறாந்தை நடுவில் நின்றா. புது வீடு, அவா வந்து அரை மணித்தியாலம். கைப்பை தோளில், செருப்புக் கையில். என்னைப் பார்த்துச் சிரித்தா.

"அப்ப நான் போட்டு வாறன் தம்பி" என்றா.

புருசன் லொறிப் பக்கம் போய்விட்டார், அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, இன்றைக்கும் கேட்கிறது. அவா இன்னும் போய் இறங்கவில்லை. தும்புத்தடியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, அறையைக் கூட்டாமலே, அலுமாரியை இறக்க லொறிக்குப் போனேன்.