வெளியாள் போட்ட கோல்

மன்னார்குடிப் பக்கத்து எங்கள் ஊர் ஃபுட்பால் கிளப்புக்கு முதலாளி மிராசுதார். பந்து, சட்டை, ஆடுகிற திடல் எல்லாமே அவருடையது. ஆடிய பதினோரு பேரில் எட்டுப் பேர் அவர் வயலில் கூலிக்கு அறுத்தவர்கள். நான் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. அவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதென்றால் எனக்குப் பைத்தியம்.

அந்த வருஷம் கூலி உயர்வு கேட்டு எட்டுப் பேரும் அறுப்புக்கு இறங்கவில்லை. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார். கோப்பைக்கான கடைசி ஆட்டத்திலும் அப்படியே வெளியூர் ஆட்களை இறக்கினார்.

அதில் ஒருவன் அருமையாக ஒரு கோல் போட்டான். நான் துள்ளிக் குதித்துக் கைதட்டினேன். திடலின் எதிர்ப்பக்கம் எங்கள் எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இடதுபக்கம் ஆடுகிற மாரி குரல் கொடுத்தான்.

"என்னண்ணே, வெளியாளு நல்லா அறுக்குறானா? தட்டுங்க, தட்டுங்க. கை வலிச்சா சொல்லுங்க, அதுக்கும் ஐயா ஆளு கொண்டாருவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் செத்துப்போயிற்று. சட்டையின் நிறத்தையா இத்தனை நாள் நேசித்தேன்? மன்னிப்புக் கேட்கப் போய் மாரி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் முகம் கொடுக்கவில்லை.

கடைசி நிமிஷங்களில் எதிரணிக்காரன் ஒருவன் எங்கள் கோலை நோக்கித் தனியாக ஓடி வந்தான். மாரி எழுந்தே விட்டான்.

"டேய் வெளியூரு! இடது பக்கம் ஆளு வர்றான், பாருடா!"

அந்த வெளியூர்க்காரன் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டான். மாரி வெட்கத்தோடு என்னைப் பார்த்தான். "பழக்கம்ணே" என்றான்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த பந்துக்குக் கத்த ஆரம்பித்திருந்தான். நானும் சேர்ந்து கத்தினேன். அந்த மன்னிப்பை இன்றுவரை நான் கேட்கவில்லை.