தொட்டியில் கால் வைத்தவள்

தண்ணியண்ணன் என்ற பெயர் அவருக்குக் குடித்துக் கிடந்த காலத்தில் வந்தது. குடியை விட்டுப் பதினான்கு வருடமாகியும் பெயர் போகவில்லை, அர்த்தம்தான் மாறிவிட்டது. முன்பு மரச்சாமான் கடையாக இருந்த இடத்தில் நடக்கும் சபையில், ஞானஸ்நானத் தொட்டிக்குச் சனிக்கிழமைதோறும் தண்ணீர் நிரப்பிச் சூடாக்குகிறவர் அவர்தான். தொழிலே குழாய் வேலை. அவரும் அதே தொட்டியில் முழுகி எழுந்தவர்.

வீட்டில் மட்டும் அவர் பேச்சு எடுபடவில்லை. மனைவி ஆடை ஆலையில் நாள் முழுக்க நின்றபடி துணி வெட்டுகிறவள். மோட்சம், நரகம், கடைசி நாள் என்று அவர் ஆரம்பித்தாலே, "நீங்க குடிய விட்டதே எனக்குப் போதுமான சாட்சி. அதோட நிறுத்திக்குங்க" என்பாள்.

புதுப் போதகர் இளைஞர், துறுதுறுப்பானவர். ஒருநாள் தண்ணியண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிரதர், இந்தத் தொட்டிய எடுத்துடலாம். அந்த இடத்துல பெரிய ஸ்கிரீன் வருது. ஞானஸ்நானத்த இனிமே நீச்சல் குளத்துல வெச்சு லைவ்ல போடுவோம். உலகமே பாக்கும்."

"சரிங்க பாஸ்டர்" என்று வாய் சொன்னது. மனசு சொல்லவில்லை.

சனிக்கிழமை தொட்டிக் குழாயை வெட்டப் போனவருக்குக் கை எழவில்லை. வழக்கம்போலத் தண்ணீரைத் திறந்துவிட்டார். ஹீட்டர் மெல்ல முனகியது. தண்ணீர் ஏற ஏற, ஜன்னல் வெயில் அதில் பட்டுக் கூரையெல்லாம் அலையாடியது. வரிசை வரிசையான காலி நாற்காலிகள் ஏதோ ஏரியின் அடியில் கிடப்பவைபோல் தெரிந்தன. அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தவருக்கு மதியமானதே தெரியவில்லை.

"சாப்பாட்ட மறந்துட்டு வந்துட்டீங்க."

மனைவி நின்றிருந்தாள். அன்று அவளுக்கு அரை நாள் வேலை. இதுவரை சபை வாசல் தாண்டி உள்ளே வந்ததில்லை. டப்பாவை வைத்துவிட்டுத் தொட்டிப் படியில் உட்கார்ந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பைக் கழற்றி, யாரையும் கேட்காமல் கால்களைத் தண்ணீரில் விட்டாள். கண் தானாக மூடிக்கொண்டது.

அவர் நாக்கு நுனி வரை ஒரு வேத வசனம் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

செல்போன் அடித்தது. போதகர். "வேல முடிஞ்சுதா பிரதர்?"

"இல்ல பாஸ்டர். என் வீட்டுக்காரி தொட்டியில இருக்கா."

"ஸ்தோத்திரம்! அப்படியே இருக்கச் சொல்லுங்க, கேமராவோட வர்றேன்."

"வேணாம் பாஸ்டர். கால் வலி. காலை மட்டும்தான் வெச்சிருக்கா."

போதகரின் குரல் தாழ்ந்தது. "சரி, திங்கக்கிழமை வெட்டிக்கலாம். அக்கா எழுந்திரிக்கிற வரைக்கும் ஹீட்டர் ஓடட்டும்."

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "இத்தன வருஷமா என்னென்னமோ சொன்னீங்க. தண்ணி இவ்வளவு இதமா இருக்கும்னு சொல்லவே இல்லையே."

அவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை அவரே குழாயை வெட்டினார். ஸ்கிரீன் வந்தது. அவள் சபையில் சேரவில்லை. இந்த வருடம் ஒருவரையாவது சபைக்குக் கொண்டுவந்து ஆத்தும ஆதாயம் செய்தவர்கள் கை தூக்குங்கள் என்று மேடையிலிருந்து கேட்டபோது, அவர் கை மடியிலேயே கிடந்தது. முன்னெல்லாம் அப்போது தலையும் குனிந்துவிடும், இப்போது குனியவில்லை.

அன்று அவர் வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்படியிலிருந்து கேட்டாள்: "இன்னைக்கு அங்க என்ன சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் சொன்னாங்க. எனக்கு ஒரு வரிதான் மனசுல நிக்குது."

"அந்த ஒரு வரியச் சொல்லுங்க" என்று அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.