பெட்டித்தேனீ ஒன்றும் செய்யாது

தேனீக்களைப் பற்றி எங்கள் பெரியப்பாவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அதுதான் எங்களைப் பிடித்த சனியன். கீழப்பாவூரில் வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் ஏழெட்டுத் தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். யார் வந்தாலும் காப்பி வருவதற்குள் பாடம் ஆரம்பித்துவிடும். கொசுத்தேனீக்குக் கொடுக்கே கிடையாது, கொம்புத்தேனீ கொட்டினால் எறும்பு கடித்த மாதிரி, பெட்டித்தேனீ பசுமாடு, மலைத்தேனீ என்றால் மட்டும் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட வேண்டும். எத்தனை தடவைதான் கேட்பது!

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு சாரல் சமயத்தில் எல்லோருமாக ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். அப்பா மட்டும் வேலையென்று வரவில்லை. போகிற வழியில் உயரமான மரமொன்றில் முறம் முறமாக மலைத்தேனடை தொங்கியது. சத்தம் போடக் கூடாது, கல்லெறியக் கூடாது, சென்ட் போட்டவர்கள் தள்ளி வரவேண்டும் என்று பெரியப்பா எங்களைத் திருடர்களைப் போலப் பதுங்கிப் பதுங்கி நடக்கவைத்தார். ஓர் ஈகூட எங்களைச் சட்டை செய்யவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பியதும், ஈரத்தலையைக்கூட உலர்த்தவிடாமல் எல்லோரையும் தோப்புக்குக் கூப்பிட்டார். பெட்டிக்குள்ளிருந்து ஈ மொய்க்கிற அடைச் சட்டத்தை வெறுங்கையால் தூக்கிக் காட்டுவதில் அவருக்கு அப்படியொரு பெருமை. அம்மா மட்டும் பின்வாசலைத் தாண்டவில்லை. எங்கள் வீட்டில் கணவனின் அண்ணனோடு பெண்கள் நேரடியாகப் பேசும் வழக்கமில்லை. எதுவானாலும் பிள்ளைகள்தான் தூது. அம்மா என்னை இழுத்து, "போன வருசம் ஒரு ஈ கொட்டி எனக்கு மூச்சு முட்டிட்டுன்னு பெரியப்பாட்ட சொல்லுட்டி" என்றாள்.

எனக்கோ பெரியப்பா பிய்த்துக் கொடுக்கும் தேனடையை மற்ற பிள்ளைகள் தின்று தீர்த்துவிடுவார்களே என்ற அவசரம். ஓடிப்போய், "அம்மைக்குப் பயமாம்" என்றேன்.

அவ்வளவுதான், அவருக்கு வந்ததே உற்சாகம்! "பெட்டித்தேனீக்கா பயப்படுதா?" என்று சட்டத்தோடு பின்வாசலுக்கே வந்துவிட்டார். ஒரே ஓர் ஈ பறந்து அம்மாவின் கழுத்தில் கொட்டியது. ஒன்றும் செய்யாது, சுண்ணாம்பு தடவு என்றார். தடவினோம். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? குனிந்து, தரையில் செத்த ஈயைத் தேடினார். பெட்டித்தேனீ கொட்டினால் இப்படியெல்லாம் வராதாம், இது வேறு ஏதோ ஈயாம்! இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. பெரியம்மாதான், "ஈயவா தேடுதீரு? வண்டிய எடும்!" என்று கத்தினாள்.

தென்காசி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டும், அம்மா சீராக மூச்சுவிட வெகுநேரம் ஆனது. எந்த ஈயாக இருந்தாலும் இந்த உடம்புக்கு ஒன்றே போதும் என்ற டாக்டர், முன்னால் எப்போதாவது கொட்டியிருக்கிறதா என்று கேட்டார். அம்மா தலையாட்டினாள். பெரியப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. "ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. நான்தான் போய்ச் சொன்னேனே, இந்தப் பெரியப்பா கேட்டால்தானே என்று மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன். அம்மா கட்டிலில் மெல்ல நகர்ந்து, தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள். அது எதற்கென்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.