வெறும் குப்பியின் பச்சை

என் ஆராய்ச்சியை அப்பாவுக்கு விளக்க எனக்கு ஒரே வழிதான் தெரியும். "தண்ணியில ஜிங்க் இருந்தா, யூவி லைட்டு அடிச்சதும் பச்சையா மின்னும்பா. இல்லன்னா மின்னாது." போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். "அப்ப மின்னாத தண்ணிய குடிக்கலாமா?" என்பார். நான் எரிச்சலோடு எழுந்து போய்விடுவேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

நான் உருவாக்கிய மூலக்கூறு, ஜிங்க் என்ற துத்தநாக அயனி வந்து ஒட்டினால் மட்டுமே ஒளிர வேண்டும். அந்த மாதம் துத்தநாகமே சேர்க்காமல் மூலக்கூறை மட்டும் கரைத்த வெறும் குப்பியும் பச்சையாக ஒளிரத் தொடங்கியது. எத்தனாலை மாற்றினேன், ஆய்வகத் தண்ணீரைத் திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வெறும் குப்பி இருளாவிட்டால் இந்த மூலக்கூறை மூட்டை கட்டிவிடலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். உதவித்தொகை முடிய ஆறு மாதம்தான் இருந்தது. முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை.

ஆய்வகத்தில் குப்பிகளுக்கு எப்போதும் பற்றாக்குறை. காலியானவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவிக் கவிழ்த்து வைப்பேன். செய்யக்கூடாதுதான். ஆய்வகத் தொட்டிக்கு வரிசையில் நிற்கச் சோம்பல்.

வியாழன் மாலை துத்தநாகம் சேர்த்தது, சேர்க்காதது என இரண்டு குப்பிகளையும் யூவி கைவிளக்கையும் எடுத்துக்கொண்டு கிள்ளான் வீட்டுக்கு ரயிலேறினேன். தூக்கிப் போடுவதற்கு முன் அப்பாவுக்கு ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும். சமைத்துக்கொண்டிருந்தவரை ஸ்டோர் ரூமுக்கு இழுத்துப்போய், கதவைச் சாத்தி, விளக்கை அடித்தேன்.

"ரெண்டும் மின்னுது. நல்லதுதானே லா?"

"ஒண்ணு மின்னக்கூடாதுப்பா."

குப்பியை வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினார். அவருடைய விரல்களும் நகக்கண்களும் அதே பச்சையில் ஒளிர்ந்தன. மீனுக்கு மஞ்சள் தடவிய கை.

"என் குப்பிய நீங்க தொட்டீங்களா?"

"நீ குளிக்கப் போனதும் இன்னொரு தடவ தேச்சு வைப்பேன்மா. பளபளன்னு இருக்கட்டும்னு. மீன் சட்டி தேய்க்கிற ஸ்பாஞ்சாலதான்." விரல்களைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டார். "அப்ப, நாந்தான் கெடுத்தேனா?"

இருட்டில் அவர் முகம் தெரியவில்லை, விரல்கள்தான் தெரிந்தன. வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. "இல்லப்பா. குப்பிய வீட்டுக்குக் கொண்டு வந்தது நான்தானே" என்றேன். அவர் அடுப்படிக்குப் போனார்.

மறுநாள் ஆய்வகத்தில் புதுக் குப்பிகளை எடுத்தேன். வெறும் குப்பி இருண்டே இருந்தது. துத்தநாகம் சேர்த்தது மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. பேராசிரியர் இரண்டு முறை பார்த்துவிட்டு, "தொடரலாம்" என்றார்.

அன்று இரவு வீட்டில் மீன் குழம்பு வெளிறிப்போய் இருந்தது.

"மஞ்ச போடலயாப்பா?"

"உன் வேலை முடியுற வரைக்கும் வீட்டுல மஞ்ச வேணாம்மா. டப்பாவ பக்கத்து வீட்டு ஆன்டிகிட்ட குடுத்துட்டேன்."

குழம்பில் கவிச்சி அடித்தது. எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது. இரண்டாம் முறையும் ஊற்றிச் சாப்பிட்டு முடித்த பிறகுதான், வெறும் குப்பி இருண்டதையும், இனி குப்பிகள் வீட்டுக்கு வராது என்பதையும் சொன்னேன்.

அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு, டப்பாவை வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.