ஓலை கட்டிய பாத்தி

மரக்காணத்துக் கழுவெளியைச் சித்திரையில் பார்க்க வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பறவைகள் சரணாலயம் என்று பலகை இருக்கும். கண்ணுக்கு எட்டியவரை வெடித்து, வெள்ளை பூத்த தரைதான் இருக்கும். ஐப்பசி மழையில் அதுவே ஏரி. தண்ணீர் வடிந்ததும் அதன் ஓரங்களில் ஆட்கள் பாத்தி கட்டி உப்பு எடுக்கிறார்கள், பறவைகள் முட்டையிடுகின்றன. முதலில் வந்தது யார் என்று இரண்டு தரப்பும் கேட்டுக்கொண்டதில்லை.

என் அக்கா அம்சவல்லி அங்கே பாத்தி மிதித்தவள். ஈரத் தரையை வரிசையாக நின்று மிதிக்க வேண்டும். நடந்தால் கால்தடம் விழாத அளவுக்கு இறுகிய பிறகுதான் உப்புநீர் விடலாம். மிதித்து முடித்த பாத்தியின் வரப்பில் ஒரு குச்சி நட்டுப் பனை ஓலை கட்டுவார்கள். அதைப் பார்த்து, தண்ணீர் பாய்ச்சும் சவரிமுத்து மடையைத் திறப்பார். கூப்பிட்டுச் சொல்வதில்லை. காற்றில் கேட்காது.

ஒரு வருஷம் மிதிக்கும்போது ஆள்காட்டிக் குருவியின் கூடு ஒன்று அவள் காலடியில் போயிற்று. கூடு என்றால் கொஞ்சம் பொடிக்கல், நடுவில் மண் நிறத்தில் முட்டைகள். அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. கேட்டதற்குக் குழம்பு சரியில்லை என்றாள். குழம்பு அவள் வைத்ததுதான்.

அடுத்த வைகாசியில் கோடை மழை பாத்திகளைக் கரைத்துவிட்டதால் மறுபடி மிதித்தார்கள். கடைசிப் பாத்தியின் மூலையில் ஆள்காட்டி உட்கார்ந்திருந்தது. அக்கா உப்பள முதலாளி ராஜவேலிடம் போனாள்.

"அந்த ஒண்ண மட்டும் வுட்டுடுங்க. குஞ்சு பொரிச்சதும் மிதிச்சிக் குடுக்கறேன்."

"ஏம்மா, உப்பு எடுக்கறமா, கோழிப் பண்ணை வெச்சிருக்கமா?"

"கோழி இவ்ளோ கத்தாதுங்க."

அவர் ஒப்புக்கொண்டார். யாரும் தெரியாமல் மிதித்துவிடக் கூடாது என்று அக்கா அந்த வரப்பில் ஒரு குச்சி நட்டாள். குச்சி நட்டால் அவள் கை ஓலை கட்டும். கட்டியது. அவள் டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது மடை திறந்திருந்தது. மண்வெட்டி சவரிமுத்துவிடம், அவர் நாலு பாத்தி தள்ளி. அக்கா ஓடிப்போய் மடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சவரிமுத்து நிதானமாகத்தான் வந்தார். "மடையில குந்திகினு இன்னா பண்ற?"

"மண்ணு வெட்டிப் போடுண்ணே."

"ஓலை கட்டினது நீதானே?"

"நான்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, மண்ணு போடு."

தண்ணீர் கூட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. குருவி சவரிமுத்துவின் தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தியது. "கட்டினது அவ, திட்டு எனக்கா?" என்றார்.

முட்டைகள் எல்லாம் பொரித்தன. குஞ்சுகள் ஈரம் காய்ந்ததும் ஓடிப்போயின. ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா அன்றே பாத்தியை மிதித்து ஓலை கட்டினாள்.

இந்த மாசியில், மிதிப்பு தொடங்கிய வாரம், நெஞ்சு வலித்து இறந்துபோனாள். இடுகாடு உப்பளத்தை ஒட்டித்தான் இருக்கிறது. புது மண்ணை மாடு மிதித்துவிடுமே என்று தலைமாட்டில் ஒரு குச்சி நட்டு, கையில் கிடைத்த பனை ஓலையைக் கட்டினேன். எல்லோரும் கிளம்பிய பிறகும் நின்றிருந்த சவரிமுத்து வந்து அதை அவிழ்த்தார்.

"ஓலை வேணாம் தம்பி."

"அடையாளத்துக்குண்ணே."

"குச்சி போதும். ஓலையப் பார்த்தா நான் தண்ணி தொறந்து வுட்டுருவேன்."

ஓலையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பாத்திப் பக்கம் போனார்.