பேச்சியக்காவுக்கு ஒரு இலை

பேச்சியக்கா, உன்னைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.

2006 தீபாவளி முடிந்த வாரம். விருதுநகரில் எங்கள் தாத்தா காலத்துக்கும் முந்திய புரோட்டா கடை ஒன்று இருக்கிறது. எண்ணெயில் முறுகப் பொரித்து எடுக்கிற புரோட்டாவுக்குப் பெயர் போன கடை. நான் லோடு ஏற்ற அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அக்காவுக்கு அங்கிருந்து பார்சல் வாங்கிவருவேன். பஸ்ஸில் ஊர் வந்து சேர்வதற்குள் அது நமுத்துப்போய்விடும். அக்கா பிய்த்துப் பார்த்துவிட்டு, "சத்தமே வரலையேலே. நொறுங்கும்னு சொன்ன?" என்று கேலி செய்யும்.

"அங்கன உக்காந்து சூடாத் திங்கணும்க்கா. கூட்டிட்டுப் போறேன்."

"என் கையைப் பாத்தா எலையை எடுத்துட்டுப் போயிருவாக. சீசன் முடியட்டும், நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வாறேன்."

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அக்காவுக்கு வேலை. அலுமினியத் தூள் நகக்கண்ணில் ஏறி விரலெல்லாம் வெள்ளியாக இருக்கும். எந்த சோப்புக்கும் போகாது. அந்த சீசன் முடியும் முன்பே அக்கா வேலை செய்த அறை வெடித்துவிட்டது. அதற்கு மேல் எழுத வரவில்லை.

அதனால்தான் அந்த வாரம் கடைக்குத் தனியாகப் போனேன். அக்கா வந்திருந்தால் எங்கே உட்காருமோ அங்கே, பெண்களோடு வருகிறவர்களுக்கான அறையில் உட்கார்ந்தேன். சப்ளையர் அண்ணன் வந்தார்.

"ஒத்தை ஆளா? வெளிய உக்காரு தம்பி. இது பொம்பளையாளுகளோட வாறவகளுக்கு."

"அக்கா வருது" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

இரண்டு இலை போட்டார். தண்ணீர் தெளித்தேன், பக்கத்து இலைக்கும் சேர்த்து. கடையில் நிற்க இடமில்லை. கம்பெனிகளுக்கு லீவு என்பதால் எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சப்ளையர் திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்தார்.

"உங்கக்கா என்ன, மெட்ராஸ்ல இருந்து நடந்தா வாறாக? எந்திரிலே. இந்தா, புள்ளைகளோட நிக்காகல்ல."

வாசலில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு நின்றிருந்தார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அந்த இலையை எடுத்துவிடுவாரோ என்று கையை அதன்மேல் வைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தப் பெண் கிட்டே வந்து, "என்ன தம்பி?" என்றார்.

"அக்கா வராது. செத்துப்போச்சு. பட்டாசு வேலைக்குப் போச்சு."

மேசையில் ஊன்றியிருந்த அவர் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் வெள்ளி.

சப்ளையரிடம் திரும்பி, "தம்பி எங்ககூடத்தான் வந்திருக்கான். போட்ட எலை கெடக்கட்டும். புரோட்டா கொண்டாங்க" என்றார். எதிரே உட்கார்ந்து பெரியவனைப் பக்கத்திலும் சின்னவளை மடியிலும் வைத்துக்கொண்டார். என் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை.

இரண்டு இலையிலும் புரோட்டா வந்தது. ஆவி பறந்தது. நான் பார்த்துக்கொண்டே, "சூடாத் திங்கணும்னுதான் வந்தது" என்றேன்.

"சூடாத் திங்க யாருக்கு ஆசை?" என்று அவர் கேட்டார்.

"அக்காவுக்கு."

"பெறகு எதுக்கு ஆறப் போடுற? அவளுக்கு வச்சதை நீதான் எடுத்துத் திங்கணும்."

அக்காவின் இலையை இழுத்து, புரோட்டாவை இரண்டு கையாலும் நொறுக்கினேன். மொறுமொறுவென்று சத்தம் வந்தது. சட்டென்று பக்கத்தில் திரும்பி, "கேட்டுச்சாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

நாற்காலி காலியாக இருந்தது. எதிரே இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டு என் இலையில் சால்னாவை ஊற்றினார். அவ்வளவு கூட்டத்தில் நான் மட்டும் தனியாக இருந்தேன். ஆனாலும் ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அடுத்த சீசனுக்கு அவரும் வேலைக்குப் போயிருப்பார் என்று நினைத்தால் இன்னமும் பயமாக இருக்கிறது. இப்போதும் சூடாக எதைச் சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு தடவை பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன்.

இதை வாசிக்கிறவர்கள் யாரைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, எங்கள் பேச்சியக்காவுக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.