தாராவியில் கால் முளைத்த விமானம்

போன டிசம்பரில் கோயம்புத்தூரிலிருந்து மும்பை போனேன். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: ஒரு சாண் நீள உலோக விமானம் வாங்க. மூடிப்போன விமானக் கம்பெனிகளின் மாடல்களைச் சேர்ப்பது என் கிறுக்கு. நான் முதன்முதலில் பறந்த நீல வால் கம்பெனியின் மாடல் மட்டும் சிக்காமல் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. செம்பூரில் ஒருவர் விற்கிறார் என்று தெரிந்ததும் டிக்கெட் போட்டுவிட்டேன்.

குர்லா டெர்மினஸில் இறங்கி, பக்கத்திலிருக்கும் திலக் நகரில் லோக்கல் பிடித்தால் அடுத்த ஸ்டேஷன் செம்பூர். ஐந்து ரூபாய்தான். காலை நெரிசலில் பெரிய பெட்டியோடு ஏறாதீர்கள். நான் ஏறி, மூன்று பேரிடம் இந்தியில் திட்டு வாங்கினேன்.

விற்பவர் ரேவதி மேடம். மும்பைத் தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் வளர்ந்தவர். அந்தக் கம்பெனியில் விமானங்களைச் சோதித்து அனுப்பிய மெக்கானிக். பெட்டியைத் திறந்தார். அடேயப்பா! கதவைச் சுற்றிய கோடு வரை அப்படியே இருந்தது. ஊதினால் இன்ஜின் விசிறி சுற்றியது. ஆனால் முன்சக்கரத்தின் தண்டு முறிந்து, விமானம் மூக்குக் குப்புறக் கிடந்தது.

"இதைப் பாத்துண்டே இருந்தா கம்பெனி ஞாபகம்தான் வரது, வேற வேலை ஓட மாட்டேங்கறது. அதான் தரேன்," என்றார். "ஆனா இப்படியே தர மாட்டேன். கால் இல்லாத ப்ளேனை நான் ரிலீஸ் பண்ணினதே கெடையாது."

"எனக்கு ராத்திரி ரயில் மேடம். ஊரில் சரி பண்ணிக்கிறேனே?"

"நின்னாத்தான் கெளம்பும்."

சரியான பிடிவாதம். எனக்குக் கோபம்தான். இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு திரும்புவதா? மாடலைச் செய்திருப்பது துத்தநாகக் கலவை. அதே உலோகத்தில் பெல்ட் பக்கிள் வார்ப்பவர்கள் தாராவியில் இருக்கிறார்களே என்று அவரே சொன்னார். டாக்ஸி பிடித்தோம். ஆறேழு கிலோமீட்டர், நூற்றெண்பது ரூபாய், நெரிசலில் முக்கால் மணி நேரம்.

அங்கே பக்கிள் வார்க்கும் இஸ்மாயில் பாய் பட்டறையில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். உருகிய உலோகம் பால்போல அச்சுக்குள் இறங்கியது. திறந்தால் பூப்போட்ட பக்கிள்கள்! வேடிக்கை பார்த்ததில் ரயிலே மறந்துபோனது.

"ஒரு பக்கிள் முள்ள ராவி வச்சாப் போதும்க்கா, ஒக்காருங்க," என்றார் பாய். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பக்கிளின் முள்ளை அரத்தால் அராவித் தண்டாக்கி, ரேவதி பத்திரமாக வைத்திருந்த குட்டிச் சக்கரங்களை மாட்டி ஒட்டினார். அப்புறம் பழக்க தோஷம், விமானத்தைத் தூக்கிக்கொண்டு பாலிஷ் மிஷினுக்கு நடந்தார்.

"பாய், நில்லுங்கோ! ருக்கோ!" ரேவதி போட்ட சத்தத்தில் பட்டறையே நின்றது.

"பாலிஷ் போடாம எங்க பட்டறைய விட்டு ஒரு சாமானும் போனதில்லக்கா."

"பெயிண்ட் போனா கம்பெனி பேரே போயிடும் பாய்!"

பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். பலகைமேல் மெல்ல வைத்தார். மூன்று கால்களிலும் நின்றது! ரேவதி குனிந்து டயர், இறக்கை, வால் என்று ஒரு சுற்றுப் பார்த்து, "ம், போகலாம்," என்றார். நான் பணத்தை எண்ணிக் கொடுத்து மாடலை வாங்கிக்கொண்டேன்.

இதே தேடலில் வருபவர்களுக்குச் சில வார்த்தைகள். தாராவிப் பட்டறைகளுக்கு வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகைக்கு மூடியிருக்கலாம். மாடலைப் பெட்டியில் போடாமல் கைப்பையில், துணி சுற்றி எடுத்து வாருங்கள். இன்னொன்று, விமான மெக்கானிக்கிடம் வாங்கினால் கிளம்பும்போது திரும்பிப் பாருங்கள். ஸ்டேஷனுக்கு என் டாக்ஸி நகர்ந்ததும் ரேவதி சந்து முனையில் நின்று கையை உயர்த்தினார். சிக்னலில் வண்டி நின்றது. அவர் கை இறங்கவே இல்லை. விமானம் கிளம்பும்போது, பைலட் பதிலுக்குக் கையசைக்கும்வரை தரையில் நிற்கும் மெக்கானிக் உயர்த்திய கையோடு காத்திருப்பார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டினேன்.

அப்புறம்தான் அவர் கையை இறக்கினார்.